நாலாவது காகிதம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பாள் மிண்டா. என் மூக்கு கொஞ்சம் பெரிசு, அதனால் அங்கே இடமும் அதிகம் என்பாள். வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த சண்டை முடிந்து, பட்டாளத்திலிருந்து எங்களை அனுப்பிவிட்டு, நாலு நாள் நடந்து நான் அவள் குடிசை வாசலில் வந்து நின்றேனே, அன்றைக்கு அந்த இடத்தில் இருந்தது அத்தனையையும் அவள் தலையில் கொட்டினேன். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மிண்டா என் பெண்டாட்டி. ஆனால் நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்ததில்லை. அவள் வேரிங் துரையின் நெல் தோட்டத்து அடிமை. நான் ஏழு மைல் தள்ளி கார்சன் துரையின் அடிமை. சவுத் கரோலினாவில் எங்கள் ஆற்றங்கரை முழுக்க இப்படிப் பாதி ஜோடிகள் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் துரையிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு புருஷன் நடப்பான், திங்கட்கிழமை சூரியன் வருமுன் திரும்புவான். ஒன்பது வருஷம் அப்படி நடந்தேன். அதில் எங்களுக்கு ஹெஸ்டி பிறந்தாள். அவளுக்கு ஏழு வயதாகும்போது வடக்கத்தியாரின் பீரங்கிப் படகுகள் ஆற்றில் ஏறி வந்தன. வயலில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவர்களுடைய கறுப்பர் பட்டாளத்தில் சேர்ந்தேன். மூன்று வருஷம் கழித்து, யாரிடமும் சீட்டு வாங்காமல், நீல உடுப்போடு நடுரோட்டில் நடந்து வந்தேன். வழி நெடுக மனசுக்குள் மேளம்.

மிண்டா உரலில் நெல் குத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உலக்கையைப் போட்டுவிட்டு ஓடி வந்து கட்டிக்கொண்டாள், அப்புறம் முதுகில் ரெண்டு அடி வைத்தாள்.

"செத்துட்டியோன்னு இருந்தேன்யா! ஒரு சேதி சொல்லி விடக் கூடாது?"

"யாரு கையில சொல்லி விட? காக்கா கிட்டயா? சரி, ஹெஸ்டி எங்க? எவ்வளவு வளந்திருக்கா?"

அவள் கையை எடுத்துவிட்டாள்.

"பெரிய வீட்டுல இருக்கா."

"வேலைக்கா? சாயங்காலம் வருவால்ல?"

"வர மாட்டா. பதினெட்டு வயசு வரைக்கும் விட மாட்டாங்களாம்."

ஹெஸ்டிக்கு அப்போது பத்து.

நடந்தது இதுதான். ஜனவரியில் எல்லாத் தோட்டத்திலும் புது ஒப்பந்தம் போட்டார்கள். இனி அடிமை கிடையாது, கூலி ஆள்தான், ஆகவே எழுத்தில் சம்மதம் வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு. பெரிய வீட்டு முற்றத்தில் மேஜை போட்டு ஒரு குமாஸ்தா உட்கார்ந்தான். எங்களுக்கு எழுதத் தெரியாதே, அதனால் அவனே பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவான். போடும்போது அந்த ஆள் பேனாவின் நுனியைத் தொட வேண்டும். தொட்டால் கையெழுத்து. துரைக்கு ஒன்று, சர்க்கார் ஆபீசுக்கு ஒன்று, ஜனங்களுக்கு ஒன்று என்று மூன்று காகிதம். எல்லோரும் மூன்று தடவை தொட்டார்கள். மிண்டா வந்தபோது குமாஸ்தா நாலாவதாக ஒன்றை நகர்த்தினான். அவள் அதையும் தொட்டாள். தன் பெண்ணைப் பதினெட்டு வயது முடியும்வரை வேரிங் துரை வீட்டில் வேலை பழக விட்டுவிடுவதாக அதில் எழுதியிருந்தது. கோர்ட்டிலும் அதற்கு முத்திரை வாங்கிவிட்டார்கள். வேலை பழகுகிறாளாம்! சாப்பாட்டு மேஜையில் ஈ ஓட்டுவதற்கு எட்டு வருஷமா பழக வேண்டும்?

"மூணுதான்னு உனக்குத் தெரியாதா? எண்ணத் தெரியாதா?" என்று கத்தினேன்.

"தெரியும்."

"அப்ப நாலாவது ஏன்டி தொட்ட? மாடுகூட மோந்து பாத்துட்டுத்தான்டி வாய் வைக்கும்!"

இன்னும் என்னென்னவோ சொன்னேன். பக்கத்துக் குடிசைக்காரர்கள் எல்லாம் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். பட்டாளத்தில் கற்ற வசவும் ஒன்றிரண்டு வந்தது. மிண்டா வாய் திறக்கவில்லை. வாய்க்கு வாய் கொடுக்கிறவள் அவள். சும்மா இருந்ததே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. உலக்கையை எடுத்து மறுபடியும் குத்த ஆரம்பித்தாள்.

அந்தக் கோபத்தோடே பெரிய வீட்டுக்குப் போனேன். வேரிங் துரை வராந்தாவில் இருந்தார். சண்டையில் ரெண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்து ஆள் பாதியாகியிருந்தார். குரல் மட்டும் அதே குரல்.

"குவாஷா? உயிரோட இருக்கியா? சந்தோஷம்பா."

"என் பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்தேன் துரை."

"உன் பொண்ணா?" என்று நிதானமாகக் கேட்டார். "அவ மிண்டா பொண்ணு. அதான் எனக்குத் தெரியும். மிண்டாவுக்குக் கல்யாணம்னு எந்தச் சர்ச்சுல எழுதியிருக்கு? அவளே மனசார ஒப்புக்கிட்டுக் குடுத்திருக்கா. இங்க வயிறாரச் சாப்பிடறா. அங்க என்ன இருக்கு, தட்டைப்பயறும் சோறும்தானே?"

அப்போது ஹெஸ்டி உள்ளேயிருந்து மயிலிறகு விசிறியோடு வந்தாள். உயரமாகியிருந்தாள். மிண்டாவின் நெற்றி, என் மூக்கு, பாவம். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது.

"அப்பா, அம்மா என்னைக் குடுத்துட்டா. துரைசானி அந்தக் காகிதத்தை எனக்குக் காட்டினாங்க. அம்மா போட்ட குறி அதுல இருக்கு."

இல்லடா கண்ணு என்று சொல்ல வாய் எடுத்தேன். ஆனால் குறி இருந்ததே. துரை அவளை உள்ளே போகச் சொன்னார், அவள் போய்விட்டாள்.

மறுநாள் நானும் மிண்டாவும் எட்டு மைல் நடந்து டவுனுக்குப் போனோம். விடுதலையான ஜனங்களின் வழக்கைக் கேட்க சர்க்கார் அங்கே ஒரு ஆபீஸ் திறந்து, வடக்கிலிருந்து ஒரு பட்டாளத்துக்காரரை வைத்திருந்தது. கேப்டன் ஆல்வர்ட் என்று பெயர். எங்கள் சதுப்பு நிலத்துக் காய்ச்சல் அவரைப் பிடித்திருந்தது. வெயிலில் நாற்காலியைப் போட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடியே கேட்டார். நல்லவரா கெட்டவரா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. களைத்தவர் என்று மட்டும் தெரிந்தது.

"கேளு குவாஷ், சட்டம் இப்படி. கல்யாணம் ஆகாத பொம்பளைன்னா பிள்ளை அவளுக்கு மட்டும்தான் சொந்தம். அவ போட்ட குறி நிக்கும், நான் ஒண்ணும் பண்ண முடியாது. கல்யாணம் ஆனவன்னா பிள்ளை புருஷனுக்குச் சொந்தம். உன்னைக் கேக்காம நடந்த காகிதத்தை நான் கிழிச்சுப் போடலாம். நீங்க கல்யாணம் ஆனவங்கதானா?"

"எங்க கல்யாண வழக்கப்படி சேந்து விளக்குமாத்தைத் தாண்டினோம் துரை. தோட்டமே பாத்துச்சு."

"விளக்குமாறு காகிதத்துல எழுதித் தருமா?" என்று அலுத்துக்கொண்டார். "உங்க ஜனங்க சாட்சி சொன்னா நான் நம்புவேன். ஆனா வேரிங் மேல்கோர்ட்டுக்குப் போவான், அங்க அது எடுபடாது. காகிதம் வேணும். சண்டைக்கு முன்னாடி எழுதினதா, ஒரு வெள்ளைக்காரன் கையெழுத்துல, இவ உன் பெண்டாட்டின்னு. எதாவது இருக்கா?"

அடிமைக்கு எந்த வெள்ளைக்காரன் கல்யாணக் காகிதம் எழுதுவான்? இல்லை என்றேன். அடுத்த வியாழக்கிழமை வேரிங் துரையையும் பெண்ணையும் வரச் சொல்லியிருப்பதாகவும், அதற்குள் எதையாவது தேடச் சொல்லியும் அனுப்பிவிட்டார்.

திரும்பி வரும்போது மிண்டா முன்னே, நான் பின்னே. வயல்களுக்கு நடுவே கரைமேல் நடந்தோம். மதகைத் திறந்துவிட்டிருந்தார்கள், தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. நான் மறுபடி ஆரம்பித்தேன். அந்தப் பேனா, அந்த நாலாவது காகிதம், உன் புத்தி. பாதிப் பேச்சில் மிண்டா நின்றுவிட்டாள்.

"ஏய்யா, கார்சன் துரை உனக்குச் சீட்டு எழுதிக் குடுப்பாரே, அதுல என்ன எழுதியிருக்கும்?"

"எனக்கென்ன தெரியும்? ரோந்துக்காரன் படிப்பான், போடான்னு விடுவான்."

"எங்க போறன்னு எழுதியிருப்பார்ல? எதுக்குப் போறன்னு?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் ரெண்டு பேரும் ஓட்டமும் நடையுமாகக் குடிசைக்குப் போனோம்.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் பக்கம் அமுக்குப் பேய் உண்டு. தூங்குகிறவள் மார்பில் ஏறி உட்கார்ந்து மூச்சை அமுக்கும். அதற்கு ஒரு கெட்ட பழக்கம்: எழுத்தைக் கண்டால் விடாது. ஒரு எழுத்து விடாமல் படித்து முடித்த பிறகுதான் ஆள்மேல் ஏறும். அதனால் படுக்கைக்குப் பக்கத்துச் சுவரில் செய்தித்தாள் ஒட்டுவோம். படிப்பதற்குள் விடிந்துவிடும், பேய் ஓடிவிடும். ஹெஸ்டி வயிற்றில் இருந்தபோது மிண்டாவுக்குச் செய்தித்தாள் கிடைக்கவில்லை. நான் போகும்போதெல்லாம் முந்தின வாரத்துச் செத்த சீட்டை என் பையிலிருந்து எடுத்து, கஞ்சி தடவிச் சுவரில் ஒட்டுவாள். நான் பட்டாளத்துக்கு ஓடும்வரை ஒட்டினாள்.

"அச்செழுத்துன்னா பேய் மளமளன்னு படிச்சுரும்யா. உங்க துரை எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு. அதைப் படிக்கணும்னா அது கண்ணாடி வாங்கணும்," என்பாள். நான் சிரிப்பேன். பட்டாளத்தில் நாலு ஊர் பார்த்து வந்த பிறகு அந்தச் சுவரைப் பற்றி நினைத்தும் பார்க்கவில்லை.

சீட்டுகள் அங்கேதான் இருந்தன. புகையில் பழுப்பேறி, கரப்பான் அரித்து, ஒன்றின்மேல் ஒன்றாக. நான் ஒன்றை உரித்தேன். பாதி கையோடு வந்தது, பாதி பலகையோடு நின்றது.

"கையை எடுய்யா!" என்று மிண்டா என் கையில் ஒன்று போட்டாள். "அரிசிக் கஞ்சி. உரிச்சா வராது. நான் ஒட்டினது போறதுக்கா ஒட்டினேன்?"

"அப்ப கேப்டனை இங்க கூட்டிட்டு வரணுமா? காய்ச்சல்ல எழுந்து நிக்கவே முடியல அந்த ஆளால."

"சுவரைக் கூட்டிட்டுப் போவோம்."

இப்படித்தான் வியாழக்கிழமை காலையில், ஆணி பிடுங்கி, குடிசைச் சுவரில் மூன்று பலகையைக் கழற்றினோம். படுக்கைக்குப் பக்கத்தில் ஆற்றங்காற்று நேராக உள்ளே வந்தது. பலகைகளை ஒரு பழைய விரிப்பில் சுற்றினோம். நான் ரெண்டைத் தோளில் வைத்துக்கொண்டேன், மிண்டா ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டாள். வழியில் எதிர்ப்பட்ட ஜனங்கள் எல்லாம் கேட்டார்கள்.

"என்ன குவாஷ், புது வீடு கட்டறியா?"

நான் பதில் தேடுவதற்குள் மிண்டா சொன்னாள்: "வீடு இல்ல, கல்யாணம். எடுத்துக்கிட்டுப் போறோம்."

அன்று கேப்டனுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வேரிங் துரை கறுப்புக் கோட்டுப் போட்டு, தொப்பியை மடியில் வைத்து, ஒரு பக்கம் இருந்தார். ஹெஸ்டி அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். மூன்று பலகையையும் சுவரில் சாய்த்து விரிப்பை எடுத்தேன். கேப்டனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார்.

வேரிங் துரை எழுந்துவிட்டார். "இது என் குடிசைப் பலகை! திருட்டு. பட்டப்பகல்ல என் சுவரைப் பேத்துட்டு வந்திருக்காங்க!"

"உங்களுதுதானா, நல்லாத் தெரியுமா?" என்றார் கேப்டன்.

"என் மில்லுல அறுத்த பலகை. எனக்குத் தெரியாதா?"

"அப்ப இந்தக் காகிதமெல்லாம் இத்தனை வருஷமா உங்க குடிசையில இருந்ததுன்னு நீங்களே சொல்றீங்க. நேத்து ராத்திரி இவங்க யாரையோ வச்சு எழுதினது இல்ல. எழுதிக்கிறேன்."

துரை உட்கார்ந்துவிட்டார். கேப்டன் எழுந்து வந்து, பலகைக்கு முன்னால் குனிந்து படிக்க ஆரம்பித்தார். பேய் பட்ட பாடு எனக்கு அப்போதுதான் புரிந்தது. கண்ணைச் சுருக்கினார், தலையைச் சாய்த்தார், ஒரு பலகையை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னார்.

"'என் ஆள் குவாஷ், வேரிங் தோட்டத்தில் இருக்கும் தன் மனைவி மிண்டாவிடம் போய்வர அனுமதி. திங்கள் விடியுமுன் திரும்ப வேண்டும். ஜே. கார்சன்.'"

மிண்டா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு. 'குவாஷ், தன் மனைவியிடம்.' இதுவும் மனைவிதான். இது கிழிஞ்சிருக்கு." அடுத்ததில் அவர் கொஞ்சம் தயங்கினார். "இதைப் படிக்கணுமா குவாஷ்?"

"படிங்க துரை."

"'என் ஆள் குவாஷ் தன் மனைவியிடம் போகிறான். முறைக்கிற பயல். நேர் வழியை விட்டு எங்கே கண்டாலும் இருபது அடி கொடுத்து அனுப்பவும்.'"

அந்தச் சீட்டை நான் என் கையாலேயே சுமந்து போயிருக்கிறேன். ரோந்துக்காரனிடம் நானே நீட்டியிருக்கிறேன், பணிவாக. அடி வாங்கிய ஒரு சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. எதற்கு அடிக்கிறார்கள் என்று தெரியாமலே வாங்கினேன். பட்டாளத்தில் சேர்ந்த அன்றும் அப்படித்தானே, பேனாவைத் தொடு என்றார்கள், தொட்டேன், மூன்று வருஷத்துக்கு என்று மறுநாள்தான் சொன்னார்கள். மிண்டாவைப் பார்த்து மாடு என்று கத்தினேனே! அந்த ஆபீசிலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மொத்தம் பதினோரு சீட்டு படிக்கிற மாதிரி இருந்தது. பதினொன்றிலும் மனைவி என்றே இருந்தது. கேப்டன் நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ்டர் வேரிங், இது கார்சன் கையெழுத்து இல்லன்னு நீங்க சத்தியம் பண்ணுவீங்களா?"

வேரிங் துரை பலகைகளை வெகுநேரம் பார்த்தார். கார்சன் துரை அவருடைய சிநேகிதர், சண்டையில் இறந்தவர். பொய் சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் சொல்லவில்லை, அதை நான் மறைக்கக் கூடாது.

"அவன் எழுத்துதான்," என்றார்.

"அப்ப சரி. இவங்க புருஷன் பெண்டாட்டி. பெண்டாட்டி போட்ட குறி செல்லாது. புருஷனைக் கேக்காம அவ தொட்டது தொட்டதே இல்ல. அவ சம்மதத்துக்குச் சட்டத்துல மதிப்பு கிடையாது. பொண்ணு தகப்பனுக்குச் சேர வேண்டியவ." நாலாவது காகிதத்தை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

ஜெயித்துவிட்டோம். ஆண்டவரே என்று சத்தமாகவே சொன்னேன். மிண்டாவைத் திரும்பிப் பார்த்தால், அவள் கண்ணில் தண்ணீர் நிற்கிறது, ஆனால் முகம் சிரிக்கவில்லை. யாரோ கன்னத்தில் லேசாக அறைந்த மாதிரி நின்றாள். அப்போது எனக்கு விளங்கவில்லை.

வேரிங் துரை தொப்பியை எடுத்துக்கொண்டே, "ஒரே ஒரு விஷயம் கேப்டன். பொண்ணையும் ஒரு வார்த்தை கேளுங்க. அவளுக்குப் போக இஷ்டமான்னு," என்றார்.

"கேக்கணும்னு சட்டம் இல்ல," என்றார் கேப்டன். ஆனாலும் ஹெஸ்டியைப் பார்த்தார். "சொல்லும்மா. போறியா?"

ஹெஸ்டி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மாதானே என்னைக் குடுத்தா," என்றாள். "இப்ப எதுக்குக் கேக்கறா?"

"கண்ணு, அந்தக் குறி செல்லாது," என்று நான் அவசரமாகக் குறுக்கே புகுந்தேன். "கேப்டன் துரையே சொல்லிட்டார், அம்மா தொட்டது தொட்டதே..."

"சும்மா இருய்யா," என்றாள் மிண்டா. முன்னால் வந்து நின்றாள். "தொட்டேன்டி. நான்தான் தொட்டேன்."

"அதான் செல்லாதுன்னு சொல்லிட்டேனே," என்றார் கேப்டன்.

"உங்க காகிதத்துல செல்லாம இருக்கட்டும் துரை. இவகிட்ட செல்லும்." பெண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினாள், குரலை உயர்த்தாமல். "எனக்கு முப்பது வயசுக்கு மேல ஆச்சு ஹெஸ்டி. உனக்குச் சம்மதமான்னு ஒரு ஜீவன் என்னைக் கேட்டது கிடையாது. எங்கம்மாவை வித்தாங்க, கேக்கல. என்னை இங்க கொண்டாந்தாங்க, கேக்கல. அன்னைக்கு ஒரு வெள்ளைக்காரன் மேஜை போட்டு உக்காந்து, சம்மதம்னா தொடுன்னு பேனாவை நீட்டினான். நான் தொடற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தான்டி. எனக்காக! மூணு தடவை தொட்டேன். உள்ளுக்குள்ள குளுந்துபோச்சு. நாலாவது நீட்டினான். மூணோட முடிஞ்சுச்சுன்னு எனக்குத் தெரியும். இன்னொரு தரம் கேக்கறானேன்னு சந்தோஷப்பட்டேன். என்ன எழுதியிருக்குன்னு கேக்கத் தோணல. உன்னை எழுதியிருப்பான்னு எனக்குத் தெரியாது. ஆனா சந்தோஷமாத்தான் தொட்டேன். அதை உங்கப்பன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. உன்கிட்ட சொல்லிட்டேன்."

வேரிங் துரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சிருந்தா?" என்றாள் ஹெஸ்டி.

"தெரிஞ்சிருந்தா அந்தப் பேனாவை அவன் மூக்குல சொருகியிருப்பேன். துரை மன்னிக்கணும்."

ஹெஸ்டியின் உதடு துடித்தது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. நாற்காலியை விட்டுவிட்டு ரெண்டு எட்டு வைத்து நின்றாள்.

"என்னைக் கேட்டீங்கல்ல?" என்றாள் கேப்டனிடம்.

"ஆமா."

"நான் அம்மாகூடப் போறேன்."

சொல்லிவிட்டு ஓடிவந்து மிண்டாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மிண்டா அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதாள். வேரிங் துரை தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். பலகையை அவர் கேட்கவில்லை.

கேப்டன் உத்தரவு எழுதினார். எழுதுவதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுவது அவர் வழக்கம். "'...ஆகவே ஹெஸ்டி என்ற சிறுமி இன்று தகப்பன் குவாஷிடம் ஒப்படைக்கப்பட்டாள்.'"

மிண்டாவின் வயிற்றிலிருந்து ஹெஸ்டி முகத்தை எடுத்தாள்.

"நான் அம்மாகூடன்னுதானே சொன்னேன்?"

கேப்டனின் பேனா நின்றது. "உங்கம்மாகூடத்தான் போகப்போற. காகிதத்துல இப்படித்தான் எழுதணும்."

"அப்ப எதுக்கு என்னைக் கேட்டீங்க?"

பத்து வயதுக் குழந்தை, ஒரு கேப்டனைப் பார்த்து. கேப்டன் என்னைப் பார்த்தார். சட்டப்படி அந்த அறையில் பேசத் தகுந்த ஆள் நான்தான். என் பெயரில் ஒரு பெண் குழந்தை, சர்க்கார் காகிதத்தில், முத்திரையோடு. மூன்று வருஷம் துப்பாக்கி தூக்கியது இதற்குத்தானே என்று ஒரு கணம் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். மிண்டாவைப் பார்த்தேன். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, கேட்டுப் பழக்கமில்லாதவள்.

"அவளைத்தானே கேட்டீங்க துரை," என்றேன். "அவ சொன்னதை எழுதிருங்க."

"சட்டத்துல இதுக்கு இடம் இல்ல குவாஷ்."

"எனக்குச் சம்மதம். வேற யார் சம்மதம் வேணும்?"

கேப்டன் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டார். பிறகு அந்த வரிக்குக் குனிந்து, என் பெயரை அடித்துவிட்டு, மேலே மிண்டா என்று எழுதினார். எழுதிவிட்டு, அவள் பக்கம் திருப்பிப் படித்துக் காட்டினார். என் பெயரை ஒரு வெள்ளைக்காரன் அடித்ததைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டு அழுதது அந்த ஒரு தடவைதான்.